நாலு ரெண்டு ஒண்ணு

நவ்ஃபலின் மேசையில் இரண்டு ஹெட்டர்கள் கிடக்கின்றன.
ஒன்றில் நான்கு குழாயும் ஒரே கழுத்தில் போய் முடியும்.
மற்றது இரண்டிரண்டாய்க் கூடி
முழங்கை நீளம் நடந்து
பிறகு ஒன்றாகும்.
குன்னூர் பெட்ஃபோர்டு மழை தகரத்தில் அடிக்க
கையில் எடுத்து எடை பார்க்கிறேன்,
சந்தையில் பூசணி பார்ப்பதுபோல.
எடையில் ஒன்றும் தெரியவில்லை.

வண்டி தொண்ணூற்றொன்பது எஸ்டீம்.
உள்ளே துடிப்பது பலேனோ எஞ்சின்.
ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியாயிற்று,
சுகிர்தாவின் மனதில் இன்னும் ஏறவில்லை.
காகிதத்தில் தொண்ணூற்று நான்கு குதிரை.
கோத்தகிரிக் காற்று மெலிந்தது என்று கேள்விப்பட்டு
அதில் பதினெட்டு
மேட்டுப்பாளையத்திலேயே இறங்கி
டீ குடித்துக்கொண்டு நின்றுவிடும்.
மிச்சத்தை வைத்துத்தான் குடும்பம்.

நாலு ஒண்ணு போடு, என்கிறான் ஜோகி.
ஆறாயிரம் தாண்டினால் கத்தும் பார்.
அவன் செட்டிபாளையம் டிராக்கில் ஓட்டுகிறவன்.
நேர்க்கோடு வாய்த்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.
எனக்கு நேராக இருப்பது
பெட்ரோல் பங்க் முன்னால் அறுபதடி.
மற்றதெல்லாம் வளைவு,
இரண்டாம் கியர், மூவாயிரம்,
எதிரே கேரட் லாரி.

புகை எப்படி வெளியேறும் என்று எனக்குத் தெரியும்.
கட்டபெட்டு ஃபேக்டரியில் உலை பார்க்கிறவன்.
சங்கு ஊதினால்
நான்கு வரிசையும் ஒரே கேட்டில் போய் முட்டும்,
முன்னால் போகிறவள் முதுகில்
பின்னால் வருகிறவளின் டிபன் பாக்ஸ் இடிக்கும்.
எஞ்சினில் எரியும் வரிசை
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஒன்றோடு நான்கைச் சேர்.
இரண்டோடு மூன்றைச் சேர்.
ஒருத்தி போய்விட்ட வெற்றிடம்
அடுத்தவளைக் கைபிடித்து இழுக்கும்.
கீழ் வேகத்திலேயே இழுவை வரும்.

சரி, நாலு ரெண்டு ஒண்ணு. அத்தோடு முடிந்ததா?
மைல்டு ஸ்டீல் பதினொன்றாயிரம்.
சூட்டுக்கு மேலே துணி சுற்றிக்கொள் என்கிறான் நவ்ஃபல்.
சுற்றலாம், சமவெளியில்.
இங்கே இறங்கும் பனியை அந்தத் துணி
டயப்பர் மாதிரி ஏந்திக்கொள்ளும்;
இரண்டே மழைக்காலத்தில்
குழாய் அப்பளமாக நொறுங்கும்.
ஸ்டெயின்லெஸ், முந்நூற்று நான்காம் ரகம்,
இருபத்தாறாயிரம்.

சுகிர்தாவிடம் பத்தொன்பது என்றேன்.
அவள் கூட்டுறவு வங்கியில் காசாளர்.
சிரித்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம்.
பழைய போல்ட் ஒன்று தலை முறிந்து
உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.
அதற்கு மட்டும் மூன்று மணி நேரம், இரண்டு டிரில் பிட்,
நவ்ஃபலின் மலையாளத்தில் நான் இதுவரை கேட்டிராத சொற்கள்.
கன்வெர்ட்டரைக் கழற்றவில்லை. தெரு தூங்க வேண்டும்.
அடியில் நான்கு விரல் வைத்துப் பார்த்தேன்.
லைன் வீட்டுப் பாதையில் ஒரு பாறை இருக்கிறது,
என் ஆயில் சம்ப்பை அதற்கு நன்றாகத் தெரியும்.
நான்கு விரல் போதும். போதும் என்றுதான் நினைக்கிறேன்.

செவ்வாய் விடியலில் ஷிஃப்ட் முடிந்து திரும்பினேன்.
மூன்றாம் கியரிலேயே ஏறியது,
எப்போதும் இரண்டுக்கு மாற்றும் அந்த ஏற்றத்தில்.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
அடுத்த வளைவில் காட்டெருமை,
முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்டு
சாலைக்குக் குறுக்கே.
ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்தேன்.
டிங் டிங் என்று ஆறிக்கொண்டிருந்தன குழாய்கள்.
அது ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியது.
பதினோரு நிமிடம்.
பிறகு தேயிலைக்குள் இறங்கியது,
ஒரு செடியும் முறியாமல்.

வீட்டில் பானட்டைத் தூக்கினேன்.
தலையருகே வைக்கோல் நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம்.
இந்த மலையில் எது நீலமானாலும்
ஒரு பூவின் பெயர் நாக்கில் வந்து நிற்கும்.
நான் சொல்லவில்லை. இது சூடு பட்ட உலோகம்.
சுகிர்தா டார்ச் அடித்து
நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
பத்தொன்பதாயிரத்துக்கு
நல்ல நிறம்தான், என்றாள்.